ஏன் ஏழு என்று நான் கேட்கவில்லை

போன கிழமை நீங்கள் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். கணிதத் துறையில் புதிதாகச் சேர்ந்த தற்காலிக விரிவுரையாளர்கள். கொக்குவில் ஸ்டேஷனடியில் வழி கேட்டு, இரண்டு ஒழுங்கை பிழையாகத் திரும்பி, வியர்த்துக் களைத்து வந்து சேர்ந்தீர்கள். தேத்தண்ணி தந்தேன். குடித்து முடிய முன்னரே கேட்டீர்கள்.

"மிஸ், உங்கடை முதலாம் வருச நுண்கணித நோட்ஸையும் மார்க்கிங் ஸ்கீமையும் தருவீங்களோ?"

நோட்ஸைத் தந்தேன். மார்க்கிங் ஸ்கீமைத் தரவில்லை. "அது இல்லை" என்று மட்டும் சொன்னேன். படலையைச் சாத்தும்போது உங்களில் ஒருவர் மற்றவரிடம் சொன்னது இது: "மனுசி வைச்சுக்கொண்டு இல்லையெண்டுது. கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கட்டும்."

எனக்கு வயது போயிருக்கிறது. காது போகவில்லை.

அந்தத் தம்பிக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். மார்க்கிங் ஸ்கீம் உண்மையாகவே இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. அது ஏன் இல்லாமல் போனது என்பதுதான் கதை. இதில் முட்டாள் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை காத்திருந்து கண்டுபிடிக்கத் தேவையில்லை.

நீங்கள் எடுக்கப்போகும் பாடத்துக்கு வரும் பிள்ளைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நீங்களும் அப்படி வந்தவர்கள்தான். உயர்தரத்துக்கு மூன்று ரியூசன், பத்து வருசத்துப் பாஸ்ற் பேப்பர், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அச்சு. முதல் வகுப்பில் ஒரு சார்பைப் பலகையில் எழுதி வகையிடச் சொன்னால், நான் வெண்கட்டியைக் கீழே வைக்க முன்னர் மண்டபம் முழுக்க விடையைச் சொல்லும். "சரி, இப்ப என்னத்தைக் கண்டுபிடிச்சனீங்கள்?" என்று கேட்டால் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். ஒருமுறை பின் வாங்கிலிருந்து ஒருவன் மரியாதையாகக் கை உயர்த்திச் சொன்னான்: "மிஸ், உந்தக் கேள்வி எங்களுக்குச் சோதினையிலை வாறேல்லை."

நான் வருசா வருசம் இதற்குக் கத்தினேன். உங்களுக்கு யோசிக்கத் தெரியாது, அச்சில் வார்த்த பிள்ளைகள் என்று ஏசினேன். ஏசிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பி, புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதினேன். இந்த இரண்டையும் ஒரே மணித்தியாலத்துக்குள் செய்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன். x இரண்டை நெருங்கினால் அதன் வர்க்கம் நாலை நெருங்கும். இது எல்லாருக்கும் தெரியும். "நிறுவு" என்றால்தான் பிரச்சினை. ஒருவர் வந்து, "வர்க்கம் நாலிலிருந்து இவ்வளவுக்கு மேல் விலகக்கூடாது" என்று ஒரு சின்ன அளவைச் சொல்லுவார். "அப்படியென்றால் x இரண்டிலிருந்து இவ்வளவுக்குள் நின்றால் போதும்" என்று நாங்கள் பதில் சொல்லவேண்டும். புத்தகத்து வழி இதுதான்: x இரண்டிலிருந்து ஒன்றுக்கு மேல் விலகாது என்று முதலில் வைத்துக்கொள். பிறகு அவர் சொன்ன அளவை ஐந்தால் பிரி. ஒன்று, பிரித்து வந்தது, இரண்டிலும் சின்னனை எடு. முடிந்தது. என் மார்க்கிங் ஸ்கீமில் "ஐந்தால்" என்பதைச் சுற்றி ஒரு வட்டம். அதற்கு நாலு புள்ளி.

அந்த வருசம் விடைத்தாள் திருத்திக்கொண்டு இருந்தேன். விடைத்தாள் கட்டில் கால்வாசிதான் முடிந்திருந்தது. ஒரு தாளில் ஐந்து இருக்கவேண்டிய இடத்தில் ஏழு. அதற்குக் கீழே உடைந்த ஆங்கிலத்தில் ஒரு வரி: ஏழு போதும், மிச்சமும் இருக்கும் என்ற கருத்தில். சைபர் போட்டேன். அடுத்த தாளை எடுத்தேன். அதிலும் ஏழு. கீழே அதே வரி, அதே உடைந்த ஆங்கிலம். தாள்களின் மேலே இருந்த பரீட்சைச் சுட்டெண்களைப் பார்த்தேன். அடுத்தடுத்த இலக்கங்கள். மண்டபத்தில் ஒருவருக்குப் பின்னால் ஒருவர் இருந்திருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டு தாளிலும் ஒரே சரியான விடை என்றால், பார்த்துத்தான் எழுதினார்களா என்று ஒரு கணம் யோசித்திருப்பேன். பிழையான விடையை, அதுவும் வேறு ஒருவருக்கும் வராத பிழையை, இரண்டு பேர் ஒரே வரியோடு எழுதினால் இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மிச்சக் கட்டை அப்படியே விட்டுவிட்டு முறைப்பாட்டை எழுதினேன். எழுதிய கையோடு பரீட்சைக் கிளையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திரும்பி வரும் வழியில் படியில் மூத்தவர் ஒருவர் எதிரே வந்தார். எனக்கு முன்னர் இதே பாடத்தை எடுத்தவர். பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. என் முகத்தைப் பார்த்து நின்றார். நடந்ததைச் சொன்னேன்.

"ஏன் ஏழு?" என்று கேட்டார்.

"அதைத்தான் சேர் நானும் கேக்கிறன். ரெண்டு பேருக்கும் எப்பிடி ஏழு வரும்?"

"நான் ரெண்டு பேரைப் பற்றிக் கேக்கேல்லை. ஏன் ஏழு எண்டு கேட்டனான்."

"அது அவையைத்தான் கேக்கவேணும்."

"ஓம், கேட்டிருக்கலாம்" என்றுவிட்டு அவர் மேலே ஏறிப் போய்விட்டார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. மனுசனுக்கு எதிலும் ஒரு பகிடி என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சை ஒழுங்கீனம் என்று நிரூபிக்கப்பட்டால் இரண்டு வருசத் தடை. கடதாசியில் இரண்டு வருசம்தான். இங்கே அதன் அர்த்தம் வேறு. வீட்டில் ஒரு பிள்ளை படிக்கப் போயிருக்கிறது என்றுதான் ஊர் அறியும். அந்தப் பிள்ளை இரண்டு வருசம் சும்மா வீட்டில் இருந்தால் ஏன் என்று எல்லாரும் கேட்பார்கள். பொம்பிளைப் பிள்ளை என்றால் மூன்றாம் மாதமே கலியாணம் பேசத் தொடங்கிவிடுவார்கள். இது எனக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதிக் கொடுத்தேன். களவு களவுதான் என்று நினைத்தேன்.

விசாரணைக்குக் கூப்பிட்டபோதுதான் இலக்கங்களுக்கு முகம் வந்தது. முன்னால் இருந்தவள் தர்சிகா. பருத்தித்துறைப் பக்கம், தகப்பன் கடலுக்குப் போகிறவர். பின்னால் இருந்தவன் நிரோஜன். தென்மராட்சியில் தோட்டக்காரக் குடும்பம். விசாரணைக் குழுவில் மூன்று பேர். படியில் கண்ட மூத்தவரும் அதில் இருந்தார். முறைப்பாட்டுக்காரி என்று என்னை ஒரு பக்கமாக இருத்தினார்கள்.

தர்சிகாவைத் தனியே முதலில் கூப்பிட்டார்கள். வந்து நின்றாள். கையில் கைலேஞ்சி நனைந்து சுருண்டு கிடந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"நான் ஒருத்தற்றையும் பாக்கேல்லை" என்றாள்.

"அப்ப அவன் உம்முடையதைப் பாத்தவனோ?" என்று நான் கேட்டேன்.

"பின்னாலை இருக்கிறவன் என்ன செய்தவன் எண்டு எனக்கு எப்பிடி மிஸ் தெரியும்? எனக்குப் பின்னாலை கண் இல்லை."

குழுவில் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். மூத்தவர் மட்டும் முன்னால் குனிந்து, படியில் என்னிடம் கேட்டதையே அவளிடமும் கேட்டார்.

"பிள்ளை, ஏன் ஏழு?"

அவள் அவரை வியப்பாகப் பார்த்தாள். அந்த அறையில் ஒருவர் கணக்கைப் பற்றிக் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"அஞ்சு காணும் சேர், அது எனக்குத் தெரியும். ஆனா மட்டுமட்டா எடுக்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. எங்கடை அப்பா அஞ்சு பாகத் தண்ணியிலை நங்கூரம் போட்டா அஞ்சு பாகக் கயிறு விடமாட்டார். விட்டா நங்கூரம் பிடிக்காது, போட் இழுபட்டுப் போயிடும். ஏழு பாகமாவது விடவேணும். அவர் பதினைஞ்சும் விடுவார். கூட விட்டா ஒரு நட்டமும் இல்லை, குறைய விட்டாத்தான் பிழை. இதிலையும் அப்பிடித்தானே சேர்? ஏழாலை பிரிச்சா இன்னும் கிட்டத்தான் நிக்கும். பதினைஞ்சாலை பிரிச்சாலும் சரிதானே?"

பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். கடற்கரைக்காரர் தண்ணீரை அப்படித்தான் அளப்பார்கள்.

"இது கடலைப் பற்றின விசாரணை இல்லை" என்று நான் குறுக்கே விழுந்தேன். "அதே ஆங்கில வரி அவன்ரை பேப்பருக்குள்ளை எப்பிடி வந்தது? அதைச் சொல்லும்."

"அது நான் குப்பியிலை சொன்ன வசனம் மிஸ்."

பரீட்சை கிட்ட வரும்போது, விளங்கின ஒருவர் விளங்காதவர்களை ஒரு வகுப்பறையில் இருத்திச் சொல்லிக் கொடுப்பதை வளாகத்தில் குப்பி என்பார்கள். நீங்களும் எடுத்திருப்பீர்கள், கேட்டிருப்பீர்கள். எனக்கு அது நடப்பது தெரியும். விரிவுரையைக் கவனிக்காதவர்களின் வேலை என்று நினைத்து, அதற்குள் என்ன சொல்லப்படுகிறது என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. என் பாடத்தின் பாதி அங்கேதான் நடந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

மூத்தவர் இரண்டு விடைத்தாளையும் அவள் பக்கம் தள்ளினார். "ரெண்டையும் பாரும் பிள்ளை."

அவள் தன்னுடையதைப் பார்க்கவில்லை. நிரோஜனுடையதை இழுத்து எடுத்தாள். விரலை வரிவரியாக ஓட்டினாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. பிறகு, தான் எந்த அறையில் எதற்காக நிற்கிறாள் என்பதையே மறந்துபோய்ச் சொன்னாள்:

"மிஸ்! இவன் மூண்டு எல்லே போட்டிருக்கிறான்!"

"என்ன மூண்டு?"

"ஒண்டு போடுற இடத்திலை மூண்டு. ரெண்டிலையிருந்து மூண்டுக்கு மேலை விலகாது எண்டு தொடங்கியிருக்கிறான். ஒண்டு வைச்சா x மூண்டுக்குள்ளை, அதோடை ரெண்டைக் கூட்ட அஞ்சு. இவனுக்கு x அஞ்சுக்குள்ளை. அதோடை ரெண்டைக் கூட்ட..." விரல்களில் எண்ணினாள். "ஏழு! ஐயோ, அது வடிவா வருது. இவனுக்கு ஏழு தானா வருது மிஸ். நான் கயிறு விட்ட மாதிரி இல்லை. உது என்ரை இல்லை, உது வேறை!"

நான் தாளை அவள் கையிலிருந்து பறித்தேன். பறித்தேன் என்றுதான் எழுதவேண்டும். மூன்று என்று இருந்தது. தெளிவான கையெழுத்து. அவளுடைய தாளில் ஒன்று, இவனுடையதில் மூன்று. இரண்டு தாளும் ஒன்றல்ல. நான் ஏழைப் பார்த்தேன், கீழே இருந்த வரியைப் பார்த்தேன். ஏழுக்கு மேலே இருந்த வரியைப் பார்க்கவில்லை.

நிரோஜனைக் கூப்பிட்டார்கள். வந்ததும் தண்ணீர் கேட்டான். கொடுத்தார்கள். அவனிடமும் அதே கேள்வி.

"குப்பியிலை தர்சிகா ஏழு எண்டா. கயிறு கதை ஒண்டும் சொன்னா. எனக்கு அது சரிவரேல்லை சேர். எங்கடை கிணத்திலை கயிறு கூட விட்டா வாளி அடியிலை போய்ச் சேறு அள்ளிக்கொண்டு வரும். கூட விட்டா நட்டம் இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது? ஆனா ஏழு வந்தா விடை சரியா வருது. அப்ப ஏதோ ஒரு இடத்திலையிருந்து ஏழு நேரா வரவேணும் எண்டு தேடினனான். ஒண்டுக்குப் பதிலா மூண்டு வைக்க வந்தது."

"அந்த ஆங்கில வசனம்?"

"அது எனக்கு ஆங்கிலம் வராது சேர். குப்பியிலை அவ எழுதித் தந்த ஒரு வசனம் இருந்தது, அதைப் பாடமாக்கிப் போட்டனான்."

அவனை வெளியே அனுப்பினார்கள். கதவு மூடியது. மூத்தவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏழு பிழையோ?"

"இல்லை சேர்."

"அப்ப உந்தச் சைபர்?"

நான் கணிதம் படித்து, கணிதம் படிப்பித்து, அதில் பட்டமும் பதவியும் எடுத்தவள். ஏழால் பிரித்தால் ஐந்தால் பிரிப்பதைவிடச் சின்னன் வரும், சின்னன் வந்தால் நிறுவல் இன்னும் இறுக்கமாக நிற்கும் என்பது பத்து வினாடிக் கணக்கு. அந்தப் பத்து வினாடியை நான் செலவழிக்கவில்லை. ஸ்கீமில் ஐந்து இருந்தது, தாளில் ஏழு இருந்தது, வெட்டினேன். அச்சில் வார்த்த பிள்ளைகள் என்று வருசா வருசம் கத்தியவள் நான்தான்.

குழுவில் இருந்த இன்னொருவர் எனக்கு இரங்கினார். என் பதவி உயர்வு விண்ணப்பம் மேலே போயிருந்த நேரம் அது. அவருக்கு அது தெரியும். "உதைப் பெரிசாக்கத் தேவையில்லை" என்றார். "போதிய சான்று இல்லையெண்டு எழுதி மூடிவிடுவம். பிள்ளையளுக்கும் தடை வராது, உங்களுக்கும் ஒண்டும் இல்லை."

நல்ல மனுசன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் போதிய சான்று இல்லை என்றால் என்ன அர்த்தம்? களவு நடந்திருக்கலாம், பிடிபடவில்லை என்று அர்த்தம். அந்த வசனம் இரண்டு பிள்ளைகளின் கோப்பிலும் இருக்கும். சைபரும் இருக்கும். என்னுடைய கோப்பு மட்டும் வெள்ளையாக இருக்கும்.

மூத்தவர் அதற்கு ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "முறைப்பாட்டை எழுதினது நீர். என்னெண்டு முடிக்கிறது எண்டு வெள்ளிக்கிழமைக்குள்ளை நீரே எழுதித் தாரும்" என்றார்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து ஸ்கூட்டியை நிறுத்தினதும் நிறுத்தாததுமாய் மிச்சக் கட்டை எடுத்தேன். முன்னரே செய்திருக்கவேண்டிய வேலை. திருத்தவில்லை. சிவப்புப் பேனையை அலுமாரிக்குள் வைத்துவிட்டு வாசித்தேன், சும்மா வாசித்தேன். ஏழு எழுதியவர்கள் ஒரு கூட்டம் இருந்தார்கள். மண்டபத்தின் எல்லா மூலையிலிருந்தும். குப்பிக்குப் போன பிள்ளைகள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தார்கள், ஏன் என்றே தெரியாது. ஒருவர் பத்தால் பிரித்திருந்தார், பக்கத்தில் "பிரிக்கச் சுகம்" என்று தமிழில் எழுதி வெட்டியிருந்தார். ஒன்றுக்குப் பதிலாக அரை வைத்துத் தொடங்கிய ஒருத்தி நாலரையில் வந்து நின்றாள். அதுவும் சரி. ஒரு கேள்வி, இத்தனை வழி. ஒவ்வொரு தாளையும் அடுத்தவர் என்ன செய்திருக்கிறார் என்று பார்க்கும் ஆசையில் திருப்பினேன். விடைத்தாள் திருத்தும் வேலையில் அப்படி ஒரு ஆசை எனக்கு அதற்கு முன் வந்ததே இல்லை.

பிறகு இன்னொரு நினைப்பு வந்தது. அது இன்றும் போகவில்லை. முந்தின வருசங்களிலும் இதே கேள்வியைக் கொடுத்திருக்கிறேன். இதே வட்டம் போட்ட ஐந்து. எத்தனை ஏழை வெட்டியிருப்பேன்? எத்தனை பத்தை? காலம் முடிந்த விடைத்தாள்களை அழித்துவிடுவார்கள். போய்த் தேடிப் பார்க்கவும் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்தேன். நாலு வரி. இரண்டு விடையும் சரி. இரண்டும் வெவ்வேறு வழியில் வந்தவை. பிழை விடை எழுதியவர்களுடையது அல்ல, திருத்தியவருடையது. முழுப் புள்ளியும் வழங்கப்படவேண்டும். பதவி உயர்வு அந்த முறை வரவில்லை. இந்தக் கடிதத்தால்தானா என்று எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை.

முடிவைச் சொல்லப் பிள்ளைகளைக் கூப்பிட்டிருந்தார்கள். நிரோஜன் கேட்டதும் படியில் இரண்டிரண்டாகப் பாய்ந்து இறங்கிப் போய்விட்டான். தர்சிகா போகவில்லை. என் அறை வாசலில் நின்றாள். அழப்போகிறாள், அல்லது என்னை நாலு கேள்வி கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் அவளுக்கு உரிமை இருந்தது.

"மிஸ், ஒண்டு கேக்கலாமோ?"

"கேளும்."

"நான் ஏன் ஏழு எடுத்தனான் எண்டு எல்லாரும் கேட்டவை. நீங்கள் ஏன் மிஸ் அஞ்சு எடுத்தனீங்கள்?"

அவள் என்னைக் குத்தக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியும். அவளுக்கு உண்மையாகவே அறிய ஆசை. எனக்கும் ஒரு நங்கூரமோ கிணறோ இருந்திருக்கும் என்று நம்பித்தான் கேட்டாள்.

பொய் சொல்ல ஒரு கணம் போதும். சொல்லவில்லை.

"புத்தகத்திலை அப்பிடி இருந்தது" என்றேன்.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

அவள் தலையை ஆட்டினாள். நான் சொன்னது அவளுக்குப் போதவில்லை, ஆனால் மரியாதைக்கு ஏற்றுக்கொண்டாள். "சரி மிஸ், வாறன்" என்று சொல்லிப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு, நான் எழுதிய கடைசி மார்க்கிங் ஸ்கீமை எடுத்தேன். வட்டம் போட்ட ஐந்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு தாளைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் அரையிலிருந்து தொடங்கினேன், மூன்றிலிருந்து தொடங்கினேன், இரண்டிலிருந்தும் தொடங்கிப் பார்த்தேன். பக்கம் நிறைந்தது. அடுத்த தாளை எடுத்தேன்.